வஸ்தியான்கட்டுக்கு மூன்று சாட்சி

போன மாதம் நில அளவைப் பகுதியிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி ஓமந்தைக்கு வந்தார்கள். ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படங்களை என் முன்னால் விரித்தார்கள். நான் கத்தியால் வெட்டி வெட்டி எட்டு மாதம் நுழைந்த காடு ஒரு சாண் அகலத்துக்குள் கிடந்தது. குளம் தெரிந்தது, அணை தெரிந்தது, மாட்டுவண்டித் தடம்கூடத் தெரிந்தது.

“எல்லாம் தெரியுது ஐயா. பேர்தான் தெரியேல்லை,” என்றார் மூத்தவர். “பழைய வரைபடத்திலை உள்ள பேரெல்லாம் நீங்கள் எப்பிடி எடுத்தனீங்கள்?”

முறையைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். புறப்படும்போது மற்றவர் படத்தில் ஒரு சின்னக் குளத்தின் மேல் விரலை வைத்தார்.

“வஸ்தியான்கட்டு. கடற்கரைச் சனத்தின்ரை பேரெல்லோ இது? உப்புக்காற்றே படாத காட்டுக்குள்ளை என்னண்டு வந்தது?”

“விசாரிச்சு எழுதினதுதான்,” என்றேன்.

அவர்கள் போன பிறகு முற்றத்தில் எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. வேலையை விட்டும் காலுக்கு ஓய்வு வரவில்லை. நான் சொன்ன பதிலில் பாதி உண்மை. மற்றப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதற்குப் பெரிய காரணம் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு லொறி ஆனையிறவுப் பக்கம் புறப்பட்டு நின்றது, ஏறிவிட்டேன். உப்பளத்தில் ஒரு கோடை, புகையிலைத் தோட்டத்தில் ஒரு மாரி, மரம் அரிகிற இடத்தில் சில மாதம், பிறகு வயிறு காய்ந்து முல்லைத்தீவுக் கரை. பட்டினி எனக்குப் பழகிவிட்டது. ஓரிடத்தில் நிற்பதுதான் பழகவில்லை. அப்படிப்பட்ட நான் இரண்டு ஆண்டு ஓரிடத்தில் இருந்தேன் என்றால் அது வஸ்தியானின் தோணியில்தான்.

அந்தக் கரையில் வஸ்தியான் என்ற பெயர் ஓர் ஆளோடு நிற்பதில்லை. அந்தக் கத்தோலிக்கக் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளைக்கு எப்போதும் அந்தப் பெயர்தான். அவர்களுடைய பாய்த்தோணிக்குச் சுவாமியார் ஒரு புனிதரின் பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்திருந்தார். ஆனால் கரையில் எல்லாரும் அதையும் வஸ்தியான் என்றே சொன்னார்கள். பாட்டன் காலத்துத் தோணி மோதி உடைந்த கடற்பாறை, வஸ்தியான் பார். அவர்கள் வீட்டுக்குப் போகிற மணல்வழி, வஸ்தியான் ஒழுங்கை. “வஸ்தியான் வஸ்தியானிலை வஸ்தியான் பாருக்குப் போட்டான், சோத்தைக் குடுத்துவிடுங்கோ” என்று பகிடி விடுவார்கள். கேட்டவர் யாரும் குழம்பியதில்லை.

என் காலத்து வஸ்தியானின் மனைவி திரேசம்மா. தோணிக்குக் கணவர் பெயர் இருந்தாலும் அதை ஓட்டியவர் அவர்தான். காற்றைப் பார்த்து “இண்டைக்கு வேண்டாம்” என்று அவர் சொன்னால் பாய் விரியாது. தோணியாட்கள் எல்லாரும் அவருடைய குசினிக்குப் பின்னால் குந்தியிருந்துதான் சாப்பிட்டோம். எனக்குப் போடும்போது மட்டும் சோற்றோடு ஒரு சொல்லும் விழும்.

“ராசையா, உன்ரை காலிலை ஒரு நங்கூரம் கட்டிவிட வேணுமடா. ஆறுதலா இருந்து சாப்பிடு. சோறு எழும்பி ஓடாது.”

ஒரு நாள் ஓடு ஏற்றப் பருத்தித்துறைக்குப் போனோம். தேத்தண்ணி குடிக்க இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஓராண்டு அலைந்து, வவுனியாவில் நில அளவைக் கூட்டத்தில் சங்கிலி இழுக்கச் சேர்ந்தேன். நடக்கிறவனுக்கு ஏற்ற வேலை. பழகியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கிலி அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. முன்னால் போகிறவன் கையில் பத்து இரும்புக் கம்பி. சங்கிலி முடிகிற இடத்தில் ஒன்று குத்துவான். பின்னால் வருகிறவன் அதைப் பிடுங்கிக்கொண்டு வருவான். பத்தும் கை மாறினால் ஆயிரம் கண்ணி. எண்ணத் தெரிய வேண்டும், உண்ணிக்கடி தாங்க வேண்டும், கரடியைக் கண்டால் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடாமல் இருக்க வேண்டும். நான் ஒரு தரம் ஓடினேன்.

எங்கள் அளவையாளர் அம்பலவாணர். காட்டுக்குள்ளும் கழுத்துப் பொத்தான் பூட்டிய சட்டைதான். பகலில் பென்சிலால் எழுதுவார். பின்னேரம் கை கால் கழுவி, மேசைக் காலுக்குக் கீழே மரத்துண்டு வைத்து ஆட்டத்தை நிறுத்தி, அதே எழுத்தின் மேல் மை ஓட்டுவார். “பென்சில் எங்கட. மை அரசாங்கத்தின்ரை,” என்பார். மை காயும்வரை யாரும் பேசக்கூடாது.

சங்கிலிக்காரரை மற்ற அதிகாரிகள் ‘நீ, வா, போ’ என்பார்கள். அவர் எங்கள் எல்லாரையும் ‘நீர்’ என்றார். நாங்கள் அதற்கே அவருக்குப் பின்னால் எந்தக் காட்டுக்குள்ளும் போனோம். அவர் யாரையாவது ‘நீங்கள்’ என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். சத்தம் போட மாட்டார். மரியாதை கூடும்; கூடிய மரியாதையோடு ஆளை ஒதுக்கிவிடுவார்.

பெயர் எடுக்கிற வேலையை என்னிடம் தந்தார். சுற்றித் திரிகிறவன், யாரோடும் கதைப்பான் என்பதால். ஒரு குளம், ஒரு மடு, ஒரு காட்டுப்பாதை என்றால் அதற்குப் பெயர்ப் புத்தகத்தில் ஒரு வரி. வரியில் மூன்று கட்டம், மூன்று சாட்சி. மூவரும் ஒருவரோடொருவர் கதைக்காமல் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பெயரே இல்லை என்றாலும் அதையும் மூன்று பேர் சொல்ல வேண்டும். வெறும் கட்டத்தோடு போனால் கொழும்பிலிருந்து புத்தகம் திரும்பி வரும்.

“கேள்விக்குள்ளை பேர் இருக்கப்படாது,” என்பார் அம்பலவாணர். “இது இன்ன குளமோ எண்டு கேட்டால் சனம் ஓம் எண்டுதான் சொல்லும். இதுக்கு என்ன பேர் எண்டு மட்டும் கேளும். கேட்டிட்டு வாயை மூடும்.”

ஓரிடத்தில் ஒரு மடுவுக்கு மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். எதையாவது எழுதிவிட்டுப் போவோம் என்று எல்லாரும் முணுமுணுத்தோம். அவர் கூடாரத்தைக் கழற்றவில்லை. இரண்டு நாள் கழித்து மீன் வலையோடு வந்த ஒருவர் நான்காவதாக ஒன்றைச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு நாள் இருந்தோம். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஓரிடத்தில் இருப்பதைவிட எனக்குக் காய்ச்சல் லேசு.

அந்தக் கட்டுக்கு வருகிறேன். உடையார்கட்டிலிருந்து தெற்கே, காட்டை வெட்டி வெட்டி அரை நாள் நடந்தால் வரும். பெரிதாக எண்ண வேண்டாம். ஆளுயர மண் அணை, நடுவில் ஓர் உடைப்பு, அணைமேல் பாலை மரமும் வீரை மரமும் வளர்ந்து காடாகிக் கிடந்தது. நான்கு நாளில் அளந்து முடித்தோம். பெயர் மட்டும் மிச்சம்.

“போய்க் கேட்டுக்கொண்டு வாரும். நீர் வந்த பிறகு கூடாரத்தைக் கழட்டுவம்,” என்றார்.

தேன் எடுக்கிற ஒரு மனிதரை மட்டும் கண்டேன்.

“பேரோ? உதுக்கென்ன பேர்! கட்டு எண்டுதான் சொல்லுறது.”

“ஆரோ ஒராளின்ரை கட்டெல்லோ?”

“மண்ணின்ரை கட்டு,” என்று சிரித்துவிட்டு மரத்தில் ஏறினார்.

வேறு சனம் இல்லை. பெயர் இல்லை என்று எழுதவும் இன்னும் இரண்டு பேர் வேண்டும். உடையார்கட்டுக்கு நடந்து போய்க் கேட்டிருக்கலாம். மழை பிடித்துவிட்டது. அடுத்த முகாம் தண்ணீரூற்றுப் பக்கம் என்று தெரியும். அங்கே போனால் கடல் கிட்ட. எனக்கு அந்தக் காட்டிலிருந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க ஒரு மரத்தின் கீழே ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

“வஸ்தியான்கட்டு, ஐயா.”

ஏன் அந்தப் பெயர்? என்னை நானே பல தரம் கேட்டிருக்கிறேன். வேறு எந்தப் பெயரையும் என் வாய் அவ்வளவு தரம் கூப்பிட்டதில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் சாட்சியாகத் தேன் எடுக்கிறவரைச் சொன்னேன். மற்ற இருவரும் எனக்குத் தெரிந்த, எப்போதோ செத்துப்போன வண்டிக்காரர்கள். அம்பலவாணர் பேனையை எடுக்குமுன் வழக்கம்போலக் கேட்டார்.

“மூண்டு பேரும் தனித்தனியாச் சொன்னவையோ?”

“ஓம் ஐயா.”

மை காய்ந்தது. மறுநாள் காலை கூடாரத்தைக் கழற்றினோம்.

எட்டு ஆண்டு கழித்து அதே கட்டுக்குத் திரும்பினோம். உடைப்பை அடைத்து, அணையை உயர்த்தி, கீழே காட்டை வெட்டிக் குடியேற்றத் திட்டம் வந்திருந்தது. காணித் துண்டுகளுக்கு எல்லைக்கல் போடுவது எங்கள் வேலை. அம்பலவாணருக்குத் தலை நரைத்திருந்தது. அந்த ஆண்டு பதவி உயர்ந்து அத்தியட்சகர் ஆவார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சங்கிலிக்காரருக்குத் தலைவன் என்ற பதவி.

அணைக்குக் கீழே முதல் துண்டில் கந்தசாமி என்பவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல் மற்றவர் தோட்டத்தில் கொத்தியவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும். ஒரு வருடம் மரவேரோடு மல்லுக்கட்டி, அந்த மாரிதான் முதல் நெல் விதைத்திருந்தார். கதிர் தள்ளுகிற பருவம். அணையில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ சங்கிலி அண்ணை. கை நனைச்சிட்டுப் போங்கோ.”

“ஆருக்குப் பொங்கல்?”

“வஸ்தியானாருக்கு. கட்டின மனிசனுக்குப் பொங்காமல் தண்ணி திறக்கலாமே? அவர் வேதக்காரர்தான். அதுக்கென்ன, சக்கரை கூடப் போட்டிருக்கிறன்.”

இலையில் வைத்துத் தந்தார். நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு எல்லைக்கல் போடப் போனேன்.

இரண்டு நாள் கழித்துத் திரேசம்மா வந்தார். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, புதிதாய்ப் போட்ட நாலு மைல் கிரவல் பாதையை நடந்து, மகனோடு வந்தார். மகனுக்கும் அதே பெயர். என்னை அடையாளம் கண்டதும் சத்தமிட்டுச் சிரித்தார்.

“அடே, பருத்தித்துறையிலை தேத்தண்ணி குடிக்கப் போனவனெல்லே! குடிச்சு முடிஞ்சுதோ?”

“அக்கா...”

“உன்னைக் காணேல்லை எண்டு அரை நாள் தோணியை மறிச்சு வைச்சனாங்கள். சரி, விடு. உயிரோடை இருக்கிறாய்.”

பிறகுதான் சொன்னார். வாடைக்காற்றில் தோணி வஸ்தியான் பாரில் அடித்துச் சிதறிவிட்டது. கணவர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தோணி இல்லாமல் கரையில் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. மகன் மற்றவர் வலையை இழுத்து ஐந்து வயிற்றை நிரப்ப வேண்டும். அப்போதுதான் யாரோ ஒரு கிளாக்கர், அரசாங்கத்தின் வரைபடத்தில் ‘வஸ்தியான்கட்டு’ என்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

“என்ரை மனிசன்ரை பூட்டன் தோணிக்கு மரம் வெட்ட இந்தக் காட்டுக்கு வந்தவர். ஏழு ஆக்கள், பன்ரண்டு மாடு. தண்ணிக்கெண்டு கட்டினதுதான் உந்தக் கட்டு. கடல் கொந்தளிக்கிற மாதத்திலை இஞ்ச வந்து நெல்லு விதைச்சவை.”

தோணியில் இருந்த இரண்டு ஆண்டில் நான் இந்தக் கதையைக் கேட்டதில்லை. அங்கே எல்லாக் கதையும் நூறு தரம் சொல்வார்கள். வரைபடத்தில் பெயர் இருக்கிறதென்று தெரிந்த பிறகு, ஏழு ஆளும் பன்னிரண்டு மாடும் தாமாக வந்து சேர்ந்திருக்கின்றன. அவர் பொய் சொல்லவில்லை. முழுக்க நம்பினார்.

மறுநாள் காணி அதிகாரியின் விசாரணை. முன்பு அங்கே பயிர் செய்த குடும்பம் என்று காட்டினால், அணைக்குக் கீழே முதல் நான்கு துண்டு அவர்களுக்கு. காட்டத் திரேசம்மாவிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. வரைபடத்திலிருந்த பெயர்தான் இருந்தது. அந்தப் பெயர் நின்றால் திரேசம்மாவுக்குக் காணி. கந்தசாமி பயிரை விட்டு எழும்ப வேண்டும். விழுந்தால் திரேசம்மா வெறுங்கையோடு கரைக்கு.

“பேர் கேட்டுத் திரிஞ்சது நீதானாமே. நல்லதாப் போச்சு. நாளைக்கு வந்து ஒரு சொல்லுச் சொல்லு. உன்ரை சொல்லிலைதான் எங்கட சோறு இருக்கு,” என்றார்.

விடிந்ததும் நான் செய்தது என்னவென்றால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான். சந்திக்கு வந்தபோது பரந்தனுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

“வஸ்தியான்கட்டு! வஸ்தியான்கட்டு இறங்கிறாக்கள் இறங்குங்கோ!”

மண்வெட்டியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பெண் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினாள். எல்லாரும் அந்தப் பெயருக்குத்தான் இறங்கினார்கள். மழைக்கு ஒதுங்கின ஒரு சோம்பேறி வாயில் வந்ததை ஒருத்தன் பஸ்ஸில் கூவி விற்கிறான், சனம் காது குடுத்து இறங்குகிறது.

“ஏறுறீரோ இல்லையோ?”

நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. திரும்பி நடந்த அந்த நாலு மைலைப் போல மெதுவாக என் வாழ்நாளில் நான் எதையும் நடந்ததில்லை.

அம்பலவாணர் கூடாரத்துக்கு முன்னால் அளவுக்கருவியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, வஸ்தியான்கட்டு எண்ட பேர் நான் சொன்னது.”

“எல்லாப் பேரும் நீர்தானே வந்து சொன்னனீர்.”

“இது நானே வைச்சது.”

துணி நின்றது. “மூண்டு சாட்சி?”

“ஒராள் தேன் எடுக்கிறவர். அவர் பேரில்லை எண்டுதான் சொன்னவர். மற்ற ரண்டு பேரும் செத்த ஆக்கள்.”

“எப்ப செத்தவை?”

“நான் கேக்க முந்தியே, ஐயா.”

அவர் துணியை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பதிவில் இருந்தது அவருடைய கையெழுத்து. எனக்குப் போவதற்குச் சங்கிலிதான். அவருக்குப் போவது என்னவென்று இருவருக்கும் தெரியும்.

“நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ,” என்றார்.

நான் வெளியில்தான் நின்றேன்.

பள்ளிக்கூடத்துக்கென்று போட்ட கிடுகுக் கொட்டிலில் விசாரணை. திரேசம்மா கோயிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சேலையில், செபமாலையைக் கையில் சுற்றியபடி, பூட்டனின் கதையைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். கந்தசாமி எழுந்தார்.

“ஐயா, அந்த மனிசனை நாங்கள் மறக்கேல்லை. பொங்கிக்கூட வைச்சனாங்கள். ஆனால் பயிர் கதிர் தள்ளுது. பிள்ளையளை எங்க கொண்டுபோவன்?”

காணி அதிகாரி பெயர்ப் புத்தகத்தைத் திறந்தார். “மூண்டு சாட்சி பதிஞ்சிருக்கு. அளவையாளர் என்ன சொல்லுறார்?”

அம்பலவாணர் எழுந்து நின்று, கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கையெழுத்து என்ரை. பதிவு பிழை. சாட்சியளை நான் சரிபார்க்கேல்லை. மிச்சத்தை இவர் சொல்லுவார்.”

சொன்னேன். மழை, தேன் எடுக்கிறவர், செத்த வண்டிக்காரர், எல்லாம். பின்னாலிருந்து ஒருவர், “அப்ப நாங்கள் ஆருக்கடா பொங்கினம்?” என்றார். சனம் சிரித்தது. கந்தசாமியும் சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரேசம்மா சிரிக்கவில்லை.

“ராசையா, என்னைப் பார். எங்கட பேரை ஆரைக் கேட்டு வைச்சனீ?”

“வேறை பேர் வாயிலை வரேல்லை, அக்கா.”

“உனக்குச் சோறு போட்டது பேரைக் களவெடுக்கவோ? உன்ரை அப்பன்ரை பேரை வைக்கிறதுதானே.”

அப்பனின் பெயர் எனக்கு ஞாபகமே வரவில்லை என்பதுதான் உண்மை. சொல்லவில்லை.

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “சரி ஐயா. காணி எங்கட இல்லை. அப்ப பேரையும் எடுங்கோ.”

“அதெப்பிடி அம்மா? வரைபடம் அச்சாயிட்டுது. பஸ் நிக்கிற இடம், சங்கக்கடை, பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் அந்தப் பேர்தான்.”

“காணியைத் தரவும் ஏலாது. பேரைத் திருப்பித் தரவும் ஏலாது. நல்ல அரசாங்கம்.”

காணியில்லாத யாரும் விண்ணப்பிக்கலாம் என்று அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். திரேசம்மா தொடவில்லை, எழுந்து வெளியே நடந்தார். மகன் சற்று நின்று, படிவத்தை எடுத்து, எழுதித் தரச் சொல்லிக் கிளாக்கரிடம் போனான்.

நானும் நழுவப் பார்த்தேன். அம்பலவாணர் கூப்பிட்டார்.

“புத்தகத்திலை அந்த வரி பிழையாக் கிடக்கு. இப்ப போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ. மூண்டு பேர். தனித்தனியா.”

முதலில் கந்தசாமியின் மனைவி. அணைக்குக் கீழே வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கட்டுக்கு என்ன பேர்?”

“என்ன அண்ணை, விசரே உங்களுக்கு? வஸ்தியான்கட்டு. ஆர் வைச்சாலென்ன, கடைசிப் பொடிச்சியின்ரை பிறப்புப் பத்திரத்திலை அதுதான் கிடக்கு.”

மற்ற இருவரும் குடியேறியவர்களாக இருக்கக்கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டு, பெயர்ப் புத்தகமும் கையுமாக மறுபடி சந்திக்கு நடந்தேன். காலையில் போன பஸ் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து நின்றது. மேலேயிருந்து சாக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொண்டக்டரைக் கேட்டேன்.

“வஸ்தியான்கட்டு. காலமையும் உப்பிடித்தான் முழுசிக்கொண்டு நிண்டனீர். இப்பவாவது ஏறுறீரோ?”

இரண்டு.

பஸ்ஸுக்குப் பின்னால், தள்ளி, மதகில் திரேசம்மா உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். உடையார்கட்டுக்குப் போனால் எத்தனையோ பேர் இருப்பார்கள். யாரைக் கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். காலும் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் நான் மதகடிக்குப் போனேன்.

“அக்கா, அந்த இடத்துக்கு என்ன பேர்?”

கேட்டுவிட்டு வாயை மூடினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் கடைசி மூட்டை இறங்கியது, மணி அடித்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“பேரில்லை,” என்றார். “கட்டு எண்டு எழுது.”

ஏறிப் போய்விட்டார். நான் அவரைப் பிறகு காணவில்லை. மகனுக்கு இரண்டு ஆண்டு கழித்து வேறொரு குளத்தின் கீழே துண்டு கிடைத்ததாக அறிந்தேன். அந்தக் குளத்துக்கு யாரோ ஓர் உடையாரின் பெயர். கந்தசாமி அந்த மாரி நெல் வெட்டினார். அடுத்த முறையும் வஸ்தியானாருக்குப் பொங்கினார், வைச்ச பொங்கலை நிறுத்தப்படாதாம். அம்பலவாணர் அத்தியட்சகர் ஆகாமலே ஓய்வு பெற்றார். நான் மிச்ச ஆண்டுகளைச் சங்கிலியோடு மட்டும் கழித்தேன். பெயர் எடுக்கிற வேலையை யாரும் என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வரைபடத்தில் பெயர் மாறவில்லை. ஆனால் யாராவது அந்தப் பழைய புத்தகத்தைத் தூசு தட்டித் திறந்தால், அந்த வரியின் மூன்றாவது கட்டத்தைப் பார்க்கட்டும். என்னைத் தேடி வந்த இளைஞர்களுக்கு நான் சொல்லாமல் விட்டது அதுதான்.

அன்று பின்னேரம் கூடாரத்துக்கு வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அம்பலவாணர் கை கழுவி, மேசைக் காலுக்கு மரத்துண்டு வைத்து, பழைய மூன்று சாட்சியையும் ஒற்றைக் கோட்டால் வெட்டினார். பென்சிலை எடுக்கவில்லை, நேரே மைதான். கந்தசாமியின் மனைவி. பஸ் கொண்டக்டர். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

“ஆர் சொன்னது?”

“திரேசம்மா.”

“என்ன சொன்னவா?”

“பேரில்லை எண்டு.”

எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“மூண்டு பேரும் தனித்தனியாச் சொன்னவையோ?”

“ஓம் ஐயா.”

மை காயும்வரை இருவரும் பேசவில்லை. நான் அசையாமல் நின்றேன். காய்ந்ததும் புத்தகத்தை மூடினார்.

“நீர் போய்ச் சாப்பிடும்,” என்றார்.